‘இவளுக்கு வராது’ என்று மூன்று வாரத்தில் சொல்லிவிட முடியுமா?

போன ஜூனில் என் மகளை மேற்கு மாம்பலத்தில் ஒரு செஸ் வகுப்பில் சேர்த்தேன். அவளுக்கு ஏழு வயது. மூன்றாவது வாரம், மாடிப்படியில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சில பசங்களுக்கு இது தானா வரும். பாப்பாவுக்கு அது இல்ல. டான்ஸ், டிராயிங்னு வேற ஏதாவது பாருங்களேன்” என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் பணமும் அவள் நேரமும் வீணாகக் கூடாது என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். மூன்று வாரத்தில் அதை எப்படிக் கண்டுபிடித்தார்? பிறவியிலேயே வருவது எது, உழைப்பால் வருவது எது என்று அன்றிலிருந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இதைப் பற்றி முதல்முறையாக யோசிக்கிறவர்களுக்காக, எனக்குப் புரிந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நாம் பேசும் சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. ‘திறமை’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்கு வைத்துக்கொள்கிறோம். நான்கு வயதுக் குழந்தையைப் பார்த்து “பாட்டில் திறமை இருக்கு” என்றால், இனிமேல் நன்றாகப் பாடுவாள் என்று பொருள். முப்பது வருடம் கச்சேரி செய்தவரைப் பார்த்து அதையே சொன்னால், இப்போது நன்றாகப் பாடுகிறார் என்று பொருள். இரண்டும் ஒன்றாகிவிடாமல் இருக்க, பிறக்கும்போதே கொண்டுவருவதை இங்கே ‘இயல்பு’ என்கிறேன். ஒரு வேலையை இன்று செய்துகாட்டக்கூடிய நிலையைத் ‘திறன்’ என்கிறேன். இரண்டுக்கும் நடுவில் பயிற்சி இருக்கிறது, வாய்ப்பும் இருக்கிறது.

இதில் கண்ணால் பார்க்க முடிவது திறன் மட்டும்தான். இயல்பை யாரும் நேராகப் பார்த்ததில்லை. திறனைப் பார்த்துவிட்டு, பின்னால் இவ்வளவு இயல்பு இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். தப்பு நடப்பது அந்த ஊகத்தில்தான்.

பூ கட்டும் கை

அயோத்தியா மண்டபத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருப்பார். ஈரத்துணி மேல் மல்லிமொட்டு குவிந்திருக்கும். வலது கை பார்க்காமலே எடுத்து, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கமாக, காம்போடு காம்பு சேர்த்து இடது கை விரல்களுக்கு நடுவில் வைக்கும். நனைத்த வாழைநார் காம்புகளை ஒரு சுற்று சுற்றும். ஆள்காட்டி விரலில் ஒரு வளையமாகும். அந்த வளையம் அப்படியே திரும்பிக் காம்புகளின் மேல் விழுந்து இறுகும். ஒரு முடிச்சு அவ்வளவுதான். அதற்குள் அடுத்த நான்கு மொட்டு வந்துவிடும். இதெல்லாம் நடக்கும்போதே எனக்குச் சில்லறைக் கணக்குச் சொல்வார், எதிரே போகிறவரிடம் பேரனின் காய்ச்சலை விசாரிப்பார். கண் பூவின் பக்கமே போகாது.

ஒருநாள் நானும் கட்டிப் பார்த்தேன். வளையத்தைத் திருப்பும்போது காம்பு நழுவியது. காம்பைப் பிடித்தால் நார் தளர்ந்தது. நாரை இழுத்தால் மொட்டின் கழுத்து அறுந்தது. “இழுக்காத கண்ணு, அது தானா இறுகும்” என்றார். எட்டு வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கட்டத் தொடங்கினாராம்.

அவரைப் பார்த்து ‘என்ன ஒரு பிறவித் திறமை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘பழக்கம்’ என்கிறோம். ஏனென்றால் அந்தப் பழக்கம் தெருவில், நம் கண்முன்னாலேயே நடக்கிறது. மார்கழிக் கச்சேரியில் ஒருவர் சரசரவென்று கல்பனாஸ்வரம் (மேடையிலேயே கற்பனையாகக் கோக்கும் ஸ்வர வரிசை) பாடும்போது மட்டும் ‘வரப்பிரசாதம்’ என்கிறோம். விடிகாலையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் செய்த சாதகத்தை நாம் கேட்டதில்லை. பயிற்சி கண்ணில் படாத இடத்திலெல்லாம் இயல்புக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டுவிடுகிறோம்.

சரி, அந்தக் கைக்குள் என்ன நடக்கிறது? நான் ஒவ்வொரு மொட்டாகப் பார்த்தேன், ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்தேன். அவருக்கு நான்கு மொட்டும் ஒரு சுற்றும் ஒரு முடிச்சும் சேர்ந்து ஒரே கொத்து. மனசு அந்தக் கொத்தை ஒரே பொருளாகக் கையாள்கிறது. மீதி இடம் சில்லறைக்கும் பேரனுக்கும் கிடைக்கிறது.

செஸ்ஸிலும் நடப்பது இதுதான். அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் 1973-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நிஜ ஆட்டம் ஒன்றின் நடுவில் காய்கள் நின்ற நிலையை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்து, வேறொரு பலகையில் அதை அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய பதினாறு காய்களைச் சரியான கட்டத்தில் வைத்தார். புதிதாக ஆடுபவர் நான்கு வைத்தார். இதோடு விட்டிருந்தால், தேர்ந்தவருக்கு அபார ஞாபகசக்தி என்று முடிவு கட்டியிருப்போம். அடுத்து அவர்கள் காய்களை இஷ்டத்துக்கு இறைத்து வைத்துக் காட்டினார்கள். இப்போது இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. தேர்ந்தவரும் மூன்று நான்கு காய்களோடு நின்றுவிட்டார். அவர் தனித்தனிக் காய்களைப் பார்த்ததே இல்லை. ‘கோட்டை கட்டிய ராஜா, முன்னால் மூன்று சிப்பாய்’ என்று கொத்துக் கொத்தாகப் பார்த்திருக்கிறார். இறைத்துப் போட்டதும் கொத்துகள் காணாமல் போய்விட்டன.

இதைவிட என்னை வியக்க வைத்தது 1980-ல் வெளிவந்த இன்னொரு சோதனை. சாதாரண ஞாபகசக்தி கொண்ட ஒரு கல்லூரி மாணவருக்கு, விநாடிக்கு ஓர் எண்ணாக வாசித்துக் காட்டி, வரிசையாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். தொடக்கத்தில் நம்மைப் போல ஏழு எண்தான் சொன்னார். ஏறக்குறைய 230 மணி நேரப் பயிற்சிக்கு அப்புறம் 79 எண்கள் சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். எண்களை ஓட்ட நேரங்களாகக் கொத்துக் கட்டிக்கொண்டார். ஒரு மைலுக்கு இத்தனை நிமிடம், இத்தனை விநாடி என்று. பிறகு எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது மறுபடி ஆறில் வந்து நின்றார். ஞாபகசக்தி என்ற பொதுவான ஒன்று அவருக்கு வளரவில்லை. எண்ணைக் கொத்தாக்கும் திறன் மட்டும் வளர்ந்தது. செஸ் கற்றால் கணக்கு வரும் என்று பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

எத்தனை மணி நேரம்?

வகுப்புக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர்களிடையே அடிக்கடி காதில் விழும் எண், பத்தாயிரம். பத்தாயிரம் மணி நேரம் செய்தால் எதிலும் தேர்ந்துவிடலாமாம். அதன் பிறப்பிடம் பெர்லினில் உள்ள ஓர் இசைக் கல்லூரி. ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அங்கே வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டார்கள். பதினெட்டு வயதுக்குள் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்த நேரம், மிகச் சிறந்த மாணவர்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய 7,400 மணி. அடுத்த நிலையினருக்கு 5,300. இசை ஆசிரியராகப் படித்தவர்களுக்கு 3,400. இருபது வயதில் முதல் பிரிவினரின் சராசரி பத்தாயிரத்தைத் தாண்டியது. அது சராசரி மட்டுமே; தொட்டதும் கதவு திறக்கும் எல்லைக்கோடு என்று எரிக்சன் எங்கும் சொல்லவில்லை. பின்னாளில் வந்த புகழ்பெற்ற ஒரு புத்தகம்தான் அதை விதியாக்கியது. எரிக்சனே அதை மறுத்து எழுதினார். 2019-ல் இதே ஆய்வை வேறு சிலர் திரும்பச் செய்தபோது, சிறந்தவர்களும் அவர்களுக்கு அடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு பயிற்சி செய்திருந்தார்கள். அதற்குக் கீழே இருந்தவர்கள் மட்டும் தெளிவாகப் பின்தங்கியிருந்தார்கள்.

எரிக்சன் உண்மையில் அழுத்திச் சொன்னது பயிற்சியின் தன்மையை. நாம் எல்லோரும் முப்பது வருடமாகக் கையால் எழுதுகிறோம். கையெழுத்து அழகாகிவிட்டதா? படிக்க முடிகிற அளவுக்கு வந்ததும் திருத்துவதை நிறுத்திவிட்டோம், அதனால் அங்கேயே நின்றுவிட்டது. செய்துகொண்டே இருப்பது வேறு, பழகுவது வேறு.

பழகுவது எப்படியிருக்கும் என்பதற்கு என் பாட்டு டீச்சர் ஞாபகம்தான் வருகிறது. கர்நாடக சங்கீதத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கும். அதில் ‘ரி’, அதாவது ரிஷபம், ‘ச’வுக்கு ரொம்பப் பக்கத்தில், ஒட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு அது கொஞ்சம் மேலே ஏறிப்போய்விடும். டீச்சர் கையைத் தூக்குவார். “ரி ஏறுது. சுருதிப்பெட்டியக் கேளு. ச பிடி. இப்ப ரி.” மீண்டும் ஏறும், மீண்டும் கை தூக்குவார். அரை மணி நேரத்தில் இரண்டு ஸ்வரம் தாண்டாத நாட்கள் உண்டு. வீட்டிலோ நான் கடிகாரத்தைப் பார்த்தபடி எல்லா வரிசையையும் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், கடகடவென்று பாடி முடிப்பேன். வீட்டில் பாடிய நேரம்தான் அதிகம். ரிஷபம் திருந்தியது டீச்சர் முன்னால். ஒரே ஒரு தப்பைத் தனியாகப் பிரித்தெடுப்பது, தப்பு என்று அந்த விநாடியே தெரிவது, உடனே மறுபடி முயல்வது. இவை இல்லாத பயிற்சி, தப்பையும் சேர்த்தே கெட்டிப்படுத்துகிறது. எனக்கு வீட்டில் கெட்டிப்பட்டது ஏறிப்போன ரிஷபம்.

அப்படியென்றால் எல்லாமே பயிற்சிதானா?

இல்லை. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ‘உழைத்தால் யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் ஆகலாம்’ என்று சொல்லி வளர்த்த பிள்ளை, உழைத்தும் எட்டாதபோது தன்மேல்தான் பழியைப் போட்டுக்கொள்ளும். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று நாம் மேற்கோள் காட்டுகிறோமே, அந்த வெண்பாவும் பழக்கத்தோடு முடிவதில்லை. கடைசி அடியில் ‘பிறவிக் குணம்’ என்று சிலவற்றைத் தனியாக ஒதுக்கி வைக்கிறது.

அர்ஜென்டினாவின் செஸ் ஆட்டக்காரர்களைப் பற்றி 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. ‘மாஸ்டர்’ நிலையைத் தொட ஒருவருக்கு ஏறக்குறைய 3,000 மணி நேரம் போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணிக்கு மேல் பிடித்தது. நிறைய உழைத்தும் தொடாதவர்களும் இருந்தார்கள். 2014-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஆட்டக்காரர்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வில் பயிற்சி எவ்வளவு விளக்குகிறது என்று கணக்கிட்டார்கள். செஸ் போன்ற விளையாட்டுகளில் 26 சதவீதம், இசையில் 21, உடல்சார்ந்த விளையாட்டுகளில் 18. மீதி முழுவதும் இயல்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த வயதில் தொடங்கினார், யாரிடம் கற்றார் என்பதெல்லாம் அந்த மீதிக்குள் கலந்திருக்கிறது. பயிற்சி நேரத்தை அளப்பதில் வரும் பிழையும் கலந்திருக்கிறது.

அதே ஆண்டு ஸ்வீடனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களிடம் நடந்த ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டியது. சுருதி, மெட்டு, தாளம் இவற்றில் நுட்பமான வேறுபாட்டைக் காது பிரித்தறிகிறதா என்று சோதித்தார்கள். உருவொத்த இரட்டையரில் ஒருவர் மற்றவரைவிடப் பல மணி நேரம் அதிகமாக வாசித்திருந்தும் அந்தக் காது கூர்மையாகிவிடவில்லை. கவனிக்க வேண்டியது: சோதித்தது கேட்கும் திறனை, வாசிக்கும் திறனை இல்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. எவ்வளவு நேரம் பயிற்சி செய்கிறோம் என்பதிலேயே மரபணுவின் பங்கு கணிசமாக இருந்தது. சலிக்காமல் உட்கார்ந்து மல்லுக்கட்டும் ஆசையும் ஓரளவு கூடப்பிறந்ததுதான். இயல்பு ஒரு தட்டிலும் உழைப்பு மறு தட்டிலுமாகத் தராசில் வைக்கப் பார்ப்பதே சரிப்படாது என்று அப்போதுதான் புரிந்தது.

நான் இப்போது இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஒரு மணி நேரப் பயிற்சியில் எவ்வளவு தங்குகிறது என்பதை இயல்பு முடிவு செய்கிறது. இது கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. பயிற்சி பூஜ்யமானால் எப்பேர்ப்பட்ட இயல்பும் பூஜ்யமாகிவிடும். இயல்பு குறைவாக இருந்தால் மணி நேரம் கூடுதலாகக் கேட்கும். சில உயரங்களுக்கு ஓர் ஆயுளே போதாமலும் போகலாம்.

குகேஷையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் 2006-ல் பிறந்தவர். ஏழு வயதில் செஸ் கற்கத் தொடங்கினார். 2019 ஜனவரியில், பன்னிரண்டு வயது ஏழு மாதத்தில், செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அப்போதைய சாம்பியன் டிங் லிரனை வென்று, பதினெட்டு வயதில் உலக சாம்பியன். அவரோடு அதே காலத்தில் இந்த ஊரில் காய் நகர்த்தக் கற்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். எல்லோருக்கும் ஐந்தாறு வருடத்தில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாய்த்துவிடவில்லை. இயல்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதோடு, காது மூக்கு தொண்டை மருத்துவரான அவருடைய அப்பா, மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தன் தொழிலையே நிறுத்தி வைத்தார். மருத்துவத் துறையிலேயே இருக்கும் அம்மாவின் வருமானத்தில் குடும்பம் ஓடியது. அந்த இயல்பு வேறொரு வீட்டில் பிறந்திருந்தால் நமக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது.

இங்கேதான் வாய்ப்பு வருகிறது, சென்னையும் வருகிறது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் (கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழான பட்டம்) மானுவேல் ஆரோன் 1961-ல் அந்தப் பட்டம் பெற்றார். 1972-ல் இங்கே சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப் தொடங்கியது. ரஷ்யப் புத்தகங்கள் வந்தன, நாள்தோறும் ஆட ஆள் கிடைத்தது. அம்மாவிடம் ஆறு வயதில் செஸ் கற்ற ஒரு பையன் அந்த கிளப்புக்குப் போனான். அந்த விஸ்வநாதன் ஆனந்த் 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இன்று இந்தியாவில் 80-க்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள். பிரக்ஞானந்தாவும் அவருடைய அக்கா வைஷாலியும் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள். அக்கா டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான் வீட்டில் முதலில் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். 1972-க்கு அப்புறம் சென்னைப் பிள்ளைகளின் மூளை திடீரென்று மாறிவிடவில்லை. மூளைக்கு எட்டும் தூரத்தில் பலகையும் ஆசிரியரும் போட்டியும் வந்தன. இன்னும் எத்தனையோ ஊர்களில் அவை வரவில்லை. எத்தனை இயல்புகள் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இனி அந்த மூன்று வாரக் கேள்விக்கு வருகிறேன். மூன்று வாரத்தில் ஒரு பயிற்சியாளரின் கண்ணில் படுவது, ஏற்கெனவே தாத்தாவோடு ஆடிப் பழகிய பிள்ளைக்கும் குதிரை எப்படி நகரும் என்பதையே அன்றுதான் கேட்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம். ஒரே வகுப்பில் பதினொரு மாதம் மூத்த பிள்ளை இருந்தால், அந்த வயதும் சேர்ந்தே தெரியும். சட்டென்று பிடித்துக்கொள்ளும் புத்தியும் தெரியும்தான். ஆனால் அதுகூடக் கடைசிவரை துணைக்கு வருவதில்லை. பிரிட்டனில் செஸ் ஆடும் 57 குழந்தைகளை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் அறிவுத்திறன் சோதனையில் அதிகம் வாங்கியவர்கள் நன்றாக ஆடினார்கள். அந்தக் கூட்டத்தில் மிகத் தேர்ந்த 23 பேரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு காணாமல் போயிருந்தது.

அதனால் பிள்ளை இன்று எங்கே நிற்கிறது என்பதை விட்டுவிட்டு, ஒரு தப்பைக் காட்டினால் என்ன ஆகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் மகளுக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் தன் காய்களை மட்டுமே பார்க்கிறாள் என்பது நான்காம் நாள்தான் எனக்குப் புரிந்தது. எதிராளி நகர்த்தி முடித்ததும் அந்தக் காய் எதைக் குறிவைக்கிறது என்று பார்ப்பதே இல்லை. உடனே தன் யானையைத் தூக்கிவிடுகிறாள். ‘காயைத் தொடும் முன்னால், அவங்க எதைப் பிடிக்க வர்றாங்கன்னு வாய்விட்டுச் சொல்லு’ என்று ஒரே ஒரு விதி வைத்தோம். தினமும் கால் மணி நேரம். அதற்கு மேல் அவளும் உட்காருவதில்லை, நானும் கட்டாயப்படுத்துவதில்லை. வகுப்பையும் மாற்றினோம். முதல் மாதம் பாதி நேரம் மறந்துபோவாள். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள், “குதிரை ராஜாவையும் ராணியையும் சேத்துப் பாக்குதும்மா, நான் மொதல்ல நகத்தணும்” என்று அவளாகவே சொன்னாள். நான் பார்த்திருக்கவில்லை.

அவள் கிராண்ட்மாஸ்டர் ஆவாளா என்று யாராவது கேட்டால், ஆகமாட்டாள் என்றே நினைக்கிறேன். அவளுக்குச் செஸ் பிடித்திருக்கிறது. போன வாரம் வகுப்பு முடிந்து வரும் வழியில் பூக்காரம்மாவிடம் நின்றோம். ஒரு மாதமாக மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிப் பழகுகிறாள். நான் முழம் அளக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கட்டியது அவிழ்ந்து மடியில் கொட்டியது. “எனக்கு வரவே மாட்டேங்குது பாட்டி” என்றாள்.

அவர் கை நிற்கவில்லை. “மொதல்ல மூணாவது முடிச்சுல அவுந்துச்சு,” என்றார், “இன்னைக்கு ஏழாவதுல அவுந்திருக்கு.” சொல்லிவிட்டு நாரை நனைத்து அவள் கையில் கொடுத்தார்.